ரெக்கார்டு நோட்டிலிருந்து தொடங்குங்கள்: எல்லாப் பாடத்திலும் எழுத வைப்பது பற்றி

கேள்வி சுருக்கமாக இதுதான்: அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறை உதவிப் பேராசிரியர் கேட்கிறார். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த கம்பெனிக்காரர்கள் "உங்கள் பிள்ளைகளுக்குச் சொந்தமாக நாலு வரி எழுத வரவில்லை" என்று சொல்லிவிட்டுப் போக, முதல்வர் உடனே ஒரு குழு போட்டு இவரை ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டார். வாரம் ஒரு கூடுதல் வகுப்பு எடுக்கிறோம் என்கிறது ஆங்கிலத் துறை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எல்லாப் பாட ஆசிரியர்களும் மாணவர்களின் எழுத்தைக் கவனிக்கிறார்களாமே, 60 பேர் உட்காரும் வகுப்பில் அது நடக்குமா என்பது இவர் சந்தேகம்.

நடக்கும். ஆனால் அங்கே செய்வதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைத்தால் நடக்காது, ஆங்கிலத் துறைக்கு ஒரு பீரியட் கூட்டிக் கொடுத்தாலும் நடக்காது. நானும் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்தவன்தான், பிறகு ஆசிரியர் பயிற்சிகளில் இந்த விஷயத்தைச் சுற்றியே இருந்துவிட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் வகுப்பை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் குழுவின் முதல் கூட்டத்திலேயே அதைத்தான் தீர்மானமாக எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்ட ஒழுங்குமுறையில் முதல் ஆண்டிலேயே தொழில்முறை ஆங்கிலம் இரண்டு செமஸ்டருக்கு இருக்கிறது. அதற்கு முன்னால் பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். இத்தனையும் செய்யாததை வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் செய்துவிடுமா என்ன? ஆங்கில ஆசிரியர்கள் மேல் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் கொடுக்கும் தலைப்பு கைப்பேசியின் நன்மை தீமைகள் என்கிற மாதிரி இருக்கும், அதை மாணவர் ஓரளவு எழுதியும் விடுவார். அதே மாணவரிடம் ஐந்தாவது செமஸ்டரில் ஒரு மண் பரிசோதனை முடிவைக் கொடுத்து, இந்த இடத்தில் எந்த அடித்தளம் போடலாம், ஏன் என்று அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள், திணறிவிடுவார். அந்த அரைப்பக்கத்தில் எது முதலில் வரவேண்டும், எந்த எண்ணைக் காட்டவேண்டும், எவ்வளவு அடித்துப் பேசலாம், எங்கே அடக்கி வாசிக்கவேண்டும் என்பதெல்லாம் சிவில் படித்தவருக்குத்தான் தெரியும். ஆங்கிலத் துறை நண்பர் ஒருமை பன்மையைத் திருத்தித் தருவார். அடித்தளம் தப்பாக இருப்பது அவர் கண்ணில் படாது, படவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அமெரிக்காவிலும் கதை இப்படித்தான் ஓடியது. ஹார்வர்டு 1874இல் நுழைவுத் தேர்வில் கட்டுரை எழுதும் பகுதியைச் சேர்த்தது. பையன்கள் எழுதியதைப் பார்த்து ஆசிரியர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். 1885இல் முதலாண்டு மாணவர்களுக்கென்று ஒரு கட்டுரைப் பாடம் வந்தது, மற்ற கல்லூரிகளும் அதையே பிடித்துக்கொண்டன. ஒரு வருடம் ஆங்கிலத் துறை எல்லாரையும் சரிபண்ணி அனுப்பிவிடும், மிச்ச மூன்று வருடம் மற்றவர்கள் நிம்மதியாகப் பாடம் நடத்தலாம் என்பதுதான் ஏற்பாடு. தொண்ணூறு வருடம் கழித்து, 1975 டிசம்பரில், நியூஸ்வீக் பத்திரிகை நம் பிள்ளைகளுக்கு ஏன் எழுத வரவில்லை என்று அட்டைப்படக் கட்டுரை போட்டது. உங்கள் கம்பெனிக்காரர்கள் சொன்ன அதே புகார்தான்.

அந்தப் புலம்பலுக்கு முன்பே சில பேர் வேறு வழியில் போக ஆரம்பித்திருந்தார்கள். அயோவா மாநிலத்தில் சென்ட்ரல் காலேஜ் என்ற சின்னக் கல்லூரியில், 1969–70 கல்வியாண்டில், பார்பரா வால்வூர்ட் என்கிற ஆங்கில ஆசிரியை பல துறை ஆசிரியர்களை ஒன்றாக உட்காரவைத்து மாணவர் எழுத்தைப் பற்றிப் பேசவைத்தார். எல்லாப் பாடத்திலும் எழுத்து என்று இப்போது உலகம் முழுக்கப் பேசும் இயக்கத்தின் தொடக்கங்களில் ஒன்றாக அந்தக் கூட்டங்களைச் சொல்வார்கள். இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிரிட்டனும் அவர் குழுவும் பள்ளி மாணவர்கள் எழுதிய ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, இவையெல்லாம் யாருக்காக எழுதப்பட்டவை என்று வகை பிரித்தார்கள். கிட்டத்தட்ட பாதி, மதிப்பெண் போடும் ஆசிரியர் ஒருவருக்காக மட்டுமே எழுதப்பட்டவை. நம் கல்லூரிகளில் இதே கணக்கை எடுத்தால் என்ன வரும் என்று சொல்ல ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, ஒரு ரெக்கார்டு நோட்டைப் புரட்டினால் போதும்.

எனக்கு இவர்கள் எல்லாரையும்விட மினா ஷாக்னசி முக்கியமாகப் படுகிறார். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் உயர்நிலைப் பள்ளி முடித்த யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுகிறவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். இவர்களுக்கெல்லாம் கல்லூரி எதற்கு என்று பேராசிரியர்களே முணுமுணுத்த காலம். ஷாக்னசி அந்த மாணவர்கள் எழுதிய சுமார் 4000 கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். தப்புகள் கண்டபடி வரவில்லை, ஒவ்வொரு மாணவரும் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு விதியைப் பிடித்துக்கொண்டுதான் தப்பு செய்கிறார், அதைக் கண்டுபிடித்தால் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது அவர் கண்டது. முதல் பட்டதாரி சான்றிதழோடு சேரும் பிள்ளைகள் நிறைந்த நம் வகுப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆளை நான் பார்க்கவில்லை.

சரி, வரலாறு போதும்.

அங்கே இருக்கும் ஏற்பாடு நமக்கு ஏன் அப்படியே ஒத்துவராது என்பதற்கு ஓர் உதாரணம். ஹவாய் பல்கலைக்கழகத்தின் மானோவா வளாகத்தில் பட்டம் வாங்க எழுத்துக்கு முக்கியத்துவம் தரும் பாடங்கள் என்று முத்திரை குத்தியவற்றில் ஐந்து முடிக்கவேண்டும். அப்படி ஒரு பாடம் என்றால் குறைந்தது 4000 சொல், அதாவது 16 பக்கம் எழுதவேண்டும், மதிப்பெண்ணில் 40 சதவீதமாவது எழுத்துக்குப் போகவேண்டும், வகுப்பில் 20 பேர்தான் இருக்கவேண்டும். கடைசி நிபந்தனையிலேயே நாம் அவுட். உங்களிடம் 60 பேர், இரண்டு பிரிவு என்றால் 120. போதாக்குறைக்கு எண்டு செமஸ்டர் வினாத்தாள் நம் கையில் இல்லை. பத்து இரண்டு மார்க், ஐந்து பதின்மூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க் என்று அது வந்துகொண்டேதான் இருக்கும், பதின்மூன்று மார்க்குக்கு மூன்றரைப் பக்கம் நிரப்பவேண்டும் என்று மாணவர்களும் நம்பிக்கொண்டேதான் இருப்பார்கள்.

ஆனால் நம் கையில் இருப்பதை நாம் சரியாகப் பார்ப்பதில்லை. 2021 ஒழுங்குமுறையில் தியரித் தாளுக்கு 40 மார்க் இன்டர்னல், அந்த இன்டர்னலுக்கான ஒவ்வொரு மதிப்பீட்டிலும் டெஸ்ட் போக அசைன்மெண்ட், கேஸ் ஸ்டடி, செமினார் என்று ஒரு பங்கு தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். லேபுக்கு 60 மார்க் இன்டர்னல். இந்த இடத்தில் என்ன எழுதச் சொல்வது என்பது முழுக்க முழுக்க ஆசிரியர் விருப்பம். இப்போது அந்த இடத்தில் என்ன நடக்கிறது? யூனிட் மூன்றிலிருந்து ஐந்து கேள்விக்குப் பதில் எழுதிக் கொண்டுவா என்கிறோம், ஒரு பிள்ளை எழுதுகிறது, மிச்சம் 59 பேர் அதைப் பார்த்து எழுதுகிறார்கள், நாமும் பக்கத்துக்கு ஒரு டிக் போட்டு கையெழுத்துப் போடுகிறோம். இதுவும் ஓர் எழுத்துப் பயிற்சிதான். எழுத்து என்றால் நகல் எடுப்பது என்று நான்கு வருடம் விடாமல் சொல்லிக்கொடுக்கிறோம்.

உங்கள் துறையிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம், கான்கிரீட் லேப். 150 மில்லிமீட்டர் கனசதுரம் வார்த்து, 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் வைத்து நசுக்கி வலிமை பார்க்கும் சோதனை. ரெக்கார்டில் நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, அட்டவணை, கணக்கீடு எல்லாம் சீனியரின் நோட்டிலிருந்து வரி பிசகாமல் வந்திருக்கும். கடைசியில் முடிவு என்று ஒரு வரி: "தஸ் த கம்ப்ரெசிவ் ஸ்ட்ரென்த் ஆஃப் த கிவன் கான்கிரீட் கியூப் வாஸ் டிடர்மின்டு." அதன் கீழே ஓர் எண். அந்த எண் 26 என்றாலும் 62 என்றாலும் மேலே இருக்கும் வாக்கியம் மாறாது. தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் இந்த வாக்கியத்தைப் பார்க்கலாம், யார் முதலில் எழுதினாரோ தெரியாது, அவருக்கு ராயல்டி கொடுத்திருந்தால் கோடீஸ்வரர் ஆகியிருப்பார்.

அதே சோதனையை இப்படி மாற்றிக் கொடுங்கள். "ஒரு சைட்டில் எம்25 கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். மூன்று கனசதுரங்களைச் சோதித்ததில் சதுர மில்லிமீட்டருக்கு 29, 28, 21 நியூட்டன் வந்திருக்கிறது. நீங்கள் சைட் இன்ஜினியர். கான்ட்ராக்டருக்கு 150 சொல்லில் ஒரு கடிதம் எழுதுங்கள். இந்தச் சோதனையை ஏற்கிறீர்களா இல்லையா என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள், காரணம் காட்டுங்கள், அடுத்து அவர் என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள்."

வகுப்பில் பெரும்பாலானவர்கள் சராசரி எடுப்பார்கள். 26 வரும். எம்25க்கு வேண்டிய 25ஐவிட அதிகம், ஆகவே கான்கிரீட் தேறிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநெறி ஐ.எஸ். 456ஐப் புரட்டிப் பார்த்தவர்கள் கொஞ்சம் நிற்பார்கள், ஏனென்றால் தனித்தனி மதிப்பு சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது, விலகினால் அந்த மாதிரியின் முடிவே செல்லாது. 26இல் 15 சதவீதம் 3.9. அப்படியானால் 22.1க்குக் கீழே எதுவும் வரக்கூடாது, இங்கே 21 வந்திருக்கிறது. ஆகக் கான்கிரீட் தேறியதென்றும் சொல்ல முடியாது, தோற்றதென்றும் சொல்ல முடியாது, இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் சரியான பதில். இதை எழுதுவது கடினம். அந்த மூன்றாவது கனசதுரம் ஏன் 21 காட்டியது, சரியாகக் குத்தி அடைக்கவில்லையா, மேல்பரப்பு சமமாக இல்லையா, இயந்திரத்தில் நடுவில் வைக்கவில்லையா என்று யோசித்தால்தான் கடிதத்தின் இரண்டாவது பத்தியே வரும். உங்கள் மாணவர் தரநெறியைப் புரிந்துகொண்டாரா என்பது இந்த 150 சொல்லில் பளிச்சென்று தெரிந்துவிடும். ரெக்கார்டு நோட்டின் 12 பக்கத்தில் தெரியாது.

நான் சொல்ல வருவது மொத்தமும் இதுதான். பாட ஆசிரியர் இலக்கணம் திருத்தத் தேவையில்லை, அவர் கேட்கும் கேள்வியை மாற்றவேண்டும். யார் படிக்கிறார், எதற்காகப் படிக்கிறார், படித்துவிட்டு என்ன முடிவெடுப்பார் என்ற மூன்றும் கேள்வியிலேயே இருந்தால் மாணவர் எழுத்து தானாகவே பாதி திருந்திவிடும், ஏனென்றால் அப்போதுதான் அவருக்குச் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். வணிகவியலில் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரிச் சலுகை ஏன் மறுக்கப்பட்டது என்று கடைக்காரருக்கு விளக்கும் கடிதம், வரலாற்றில் ஒரே சம்பவத்தைப் பற்றிய இரண்டு சான்றுகளில் எதை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு பக்கம், நர்சிங்கில் ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்சுக்கு எழுதிக் கொடுக்கும் குறிப்பு. ஒவ்வொரு துறையிலும் இப்படி ஒன்று கிடைக்கும், அந்தத் துறைக்காரருக்குத்தான் அது தெரியும்.

இப்போது நீங்கள் கேட்கப்போவது தெரியும்: 60 கடிதத்தை யார் திருத்துவது? தனியார் கல்லூரியில் ஒரு ஆசிரியருக்கு என்னென்ன வேலை தலையில் விழுகிறது என்று எனக்கும் தெரியும், அட்மிஷன் சமயத்தில் ஊர் ஊராகப் போவது உட்பட. அதனால் திருத்தும் வேலையை முடிந்தவரை குறைத்துத்தான் இதைச் செய்யவேண்டும்.

முதல் வரைவை நீங்கள் பார்க்கவே வேண்டாம். லேப் நேரத்தில் இருபது நிமிடம் ஒதுக்கி, கையால் எழுதிய வரைவைப் பக்கத்து ஆளிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். படிப்பவர் மூன்றே விஷயத்தை எழுதித் தரவேண்டும்: இவர் என்ன முடிவு சொல்கிறார், அதற்கு எந்த எண்ணை ஆதாரமாகக் காட்டுகிறார், எந்த வரியில் எனக்குப் புரியாமல் போனது. ஸ்பெல்லிங், கிராமர் பக்கமே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அதை மட்டும்தான் பார்ப்பார்கள், அதுவும் சரியாக இருந்ததைத் தப்பாகத் திருத்தி வைப்பார்கள். "நீ என்ன முடிவு சொல்றேன்னே தெரியலடா" என்று நண்பன் சொல்வதில் இருக்கும் உறைப்பு நம் சிவப்பு மையில் கிடையாது.

அடுத்து, திருத்திய வரைவு வரும்போது முதலில் பத்துப் பதினைந்தை மட்டும் எடுத்துப் படியுங்கள். பெரும்பாலானவர்கள் ஒரே நாலைந்து விதமாகத்தான் வழுக்கியிருப்பார்கள். அதை வைத்து ஒரு பக்கத்துக்குப் பொதுவான குறிப்பு எழுதி, பெயர் சொல்லாமல் ஒரு நல்ல பத்தியையும் ஒரு சுமாரான பத்தியையும் போர்டில் போட்டு வகுப்போடு சேர்ந்து பேசுங்கள். அப்புறம் இன்னொரு முறை திருத்திக் கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசியாக வரும் தாளுக்கு மட்டும் மார்க். முடிவு தெளிவாக இருக்கிறதா, ஆதாரம் சரியா, படிப்பவர் அடுத்து என்ன செய்வது என்று புரிகிறதா என்ற மூன்றுக்கும் சேர்த்துப் பத்து மார்க் போதும், ஒரு தாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. அறுபதுக்கு இரண்டு மணி நேரம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட இப்போது செலவழிப்பதைவிட இது அதிகமில்லை.

மொழிப் பிழைகளை அப்படியே விட்டுவிடுவதா என்றால், விடவேண்டாம், ஆனால் நீங்கள் திருத்தவும் வேண்டாம். ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்கிற அமெரிக்க ஆசிரியர் 1983இல் ஒரு எளிய வழியை எழுதினார். தப்பு இருக்கும் வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு சின்னக் குறி மட்டும் போடுவது. என்ன தப்பு, எங்கே என்று எதுவும் எழுதுவதில்லை. அந்த வரியில் என்ன கோளாறு என்று மாணவரே தேடிப்பிடித்துத் திருத்தவேண்டும். பாதிக்கு மேற்பட்ட தப்புகளை அவர்களே கண்டுபிடித்துத் திருத்திவிட்டதாக அவர் கணக்குச் சொல்கிறார். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. நம் பிள்ளைகளுக்கும் 'தே வாஸ்' தப்பு என்று தெரியும், எழுதும்போது கவனம் வேறெங்கோ இருக்கும், அவ்வளவுதான். மிச்சம் இருப்பதைத்தான் ஆங்கிலத் துறையிடம் கொண்டுபோகவேண்டும். உண்மையிலேயே அவர்களுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. உங்கள் மாணவர்கள் எழுதிய கடிதங்களையே பாடப்பொருளாக வைத்து தொழில்முறை ஆங்கில வகுப்பை அவர்கள் நடத்தினால் கைப்பேசியின் நன்மை தீமைகளைவிடப் பல மடங்கு பிரயோஜனம்.

தமிழில் எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்கவேண்டும். முதல் வரைவைத் தமிழிலோ, தமிழும் ஆங்கிலமும் கலந்தோ எழுத விடுங்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டுவதிலேயே மூச்சு வாங்கிவிடுகிறது, யோசிக்க ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. 21 ஏன் செல்லாது என்பதை முதலில் தனக்குத் தெரிந்த மொழியில் எழுதிப் பார்த்துவிட்டால், அதன்பின் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது தனி வேலை, செய்யக்கூடிய வேலை. யாழ்ப்பாணத்தில் பிறந்து அங்கே பல்கலைக்கழகத்தில் கற்பித்து, இப்போது அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் சுரேஷ் கனகராஜா இந்தத் துறையில் உலகம் மதிக்கும் பெயர். இரண்டு மொழிக்காரர் எழுதும்போது இரண்டு மொழியும் மண்டைக்குள் வேலை செய்கிறது, அதைக் குறையாகப் பார்க்காதீர்கள் என்று பல வருடமாக வாதாடி வருகிறார். யுத்த காலத்தில் காகிதத் தட்டுப்பாடும் மின்சாரமின்மையும் இருந்த இடத்தில் உட்கார்ந்து ஆய்விதழ்களுக்குக் கட்டுரை எழுதிய அனுபவத்தையும் அவர் எழுதியிருக்கிறார், அதைப் படித்தால் நமக்கு வசதி இல்லை என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நம் பல்கலைக்கழகத்திலேயே 2010 முதல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் படிக்க வழி இருக்கிறது. முதல் ஆண்டில் தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்று தாள்கள் வேறு இருக்கின்றன. அவற்றை ஒப்புக்கு நடத்தாமல், ஊரிலிருக்கும் ஒரு பழைய மதகையோ கல்பாலத்தையோ நேரில் போய்ப் பார்த்து, அது எப்படி வேலை செய்கிறது என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதிவரச் சொன்னால் போதும், நாம் எதையும் எதிர்பார்க்காத பிள்ளைகள்கூட நன்றாக எழுதுவதைப் பார்க்கலாம்.

புராஜெக்ட் ரிப்போர்ட் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்துருவின் அளவு, வரி இடைவெளி, போனஃபைடு சர்டிஃபிகேட், அட்டையின் நிறம், பொன்னெழுத்து எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது, உள்ளே என்ன இருக்கவேண்டும் என்பதற்குத்தான் யாரும் கவலைப்படுவதில்லை. முன்னாய்வு அத்தியாயத்தில் இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார் என்று இருபது பத்தி வரிசையாக நிற்கும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. முதல் ரிவ்யூவிலேயே ஒரே ஒரு பக்கம் கேளுங்கள்: உங்கள் தலைப்பில் எந்த இரண்டு கட்டுரைகள் ஒத்துப்போகவில்லை, எதனால், உங்கள் புராஜெக்ட் எந்தப் பக்கம்? ஒரு பக்கம் எழுத அவர்கள் பத்துக் கட்டுரை படிக்கவேண்டியிருக்கும். அடுத்தடுத்த ரிவ்யூவுக்கு ஒவ்வோர் அத்தியாயமாக வாங்கிவிட்டால் ஏப்ரல் மாதம் பைண்டிங் கடை வாசலில் நிற்கும் கூட்டமாவது குறையும்.

எழுத்துத் திருட்டு என்றதும் குழுவில் யாராவது மென்பொருள் வாங்கலாம் என்பார்கள். யுஜிசி 2018 விதிமுறைப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 10 முதல் 40, 40 முதல் 60, அதற்கு மேல் என்று படிப்படியாகக் கடுமையாகி, 60ஐத் தாண்டினால் ஆய்வேட்டுக்கான பதிவே ரத்தாகும். ஆய்வேட்டுக்கு இது சரி. இளநிலை மாணவரிடம் இந்தச் சதவீதத்தை மட்டும் காட்டினால் அவர் கற்றுக்கொள்வது ஒன்றுதான், நாலு சொல்லுக்கு ஒரு சொல்லை மாற்றிப்போடுவது. ஒரு விஷயம் பாதி புரிந்த நிலையில் எவருமே மூலத்தின் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுவார்கள், ரெபெக்கா மூர் ஹாவர்டு என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990களிலேயே இதைத் திருட்டு என்று தள்ளாமல் கற்றலில் ஒரு கட்டமாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். மூலத்தை மூடிவைத்துவிட்டு நண்பனுக்கு வாயால் சொல், பிறகு எழுது என்று ஒரு பயிற்சி வைத்தால் மென்பொருள் செலவு மிச்சம்.

2022 நவம்பருக்குப் பிறகு சாட்ஜிபிடி வந்து எல்லாருடைய அசைன்மெண்டையும் கேலிக்கூத்து ஆக்கிவிட்டது என்கிறார்கள். யூனிட் மூன்றிலிருந்து ஐந்து கேள்வி என்பது ஏற்கெனவே கேலிக்கூத்துதான், அது இப்போது வெளியே தெரிந்துவிட்டது, அவ்வளவே. கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்காதீர்கள், அவை தப்பு செய்கின்றன, அதுவும் நம் போல ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டு எழுதுகிறவர்களிடம். உங்கள் லேபில் உங்கள் மாணவர் நசுக்கிய கனசதுரத்தின் எண்ணை வைத்துக் கேளுங்கள், முதல் வரைவை வகுப்பிலேயே பேனாவால் எழுத வையுங்கள், கொடுத்த பிறகு இரண்டு பேரை எழுப்பி "இந்த வரியை ஏன் இப்படி எழுதினாய்" என்று கேளுங்கள். வீட்டில் ஆங்கிலத்தைச் சரிசெய்ய அவர் இயந்திரத்தைப் பயன்படுத்தினால் பயன்படுத்திக்கொள்ளட்டும், தன் வரைவையும் சேர்த்துக் கொடுக்கும்வரை எனக்கு ஆட்சேபம் இல்லை. இதில் என்னோடு சண்டை போடும் நண்பர்கள் நிறைய.

கடைசியாக உங்கள் குழு. கட்டுரைப் போட்டி, ஒரு நாள் பயிலரங்கு, குத்துவிளக்கு, சால்வை, கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் அமைப்புக்கான கோப்புக்குப் புகைப்படம் என்று போகத்தான் பார்க்கும். முதல்வருக்கு அதில் ஒன்று நடத்திக் கொடுத்துவிடுங்கள், சண்டை வேண்டாம். நிஜ வேலையை வேறு இடத்தில் தொடங்குங்கள். எல்லாத் துறைக்கும் சுற்றறிக்கை அனுப்பினால் எல்லாத் துறையும் ஒரு பெயரை அனுப்பும், அதோடு முடிந்தது. அதற்குப் பதில் இஷ்டப்பட்டு வரும் மூன்று பேரைப் பிடியுங்கள், வெவ்வேறு துறையாக இருந்தால் நல்லது. மாதம் ஒரு மணி நேரம், ஆளுக்கு இரண்டு மாணவர் தாளை நகல் எடுத்துக்கொண்டு வந்து, பெயரை மறைத்துவிட்டு, இதில் நமக்கு என்ன பிடித்திருக்கிறது, ஏன் என்று பேசுங்கள். மின்னியல்காரர் நல்ல எழுத்து என்று நினைப்பதும் மேலாண்மைக்காரர் நினைப்பதும் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2007இலிருந்து நடக்கும் திட்டத்தில் ஒவ்வொரு துறையையும் உட்காரவைத்து, உங்கள் துறையில் பட்டம் வாங்கிப் போகிறவருக்கு என்ன எழுதத் தெரிந்திருக்கவேண்டும் என்று அவர்களையே சொல்லவைக்கிறார்கள். அந்த ஒரு கேள்வி நமக்கும் இலவசம். மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர்களில் பொறுமையான ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுத்து நூலகத்தில் ஒரு மேசை போட்டு ஜூனியர்களின் வரைவைப் படித்துக் கேள்வி கேட்க வைக்கலாம். அமெரிக்க எழுத்து மையங்கள் பலவும் மாணவர்களை வைத்துத்தான் ஓடுகின்றன. அவர்களுக்கு ஒரு சான்றிதழாவது, முடிந்தால் கொஞ்சம் பணமாவது கொடுங்கள், சேவை என்று சொல்லி வேலை வாங்காதீர்கள்.

பட்ஜெட் கேட்டால் நகல் எடுக்கும் செலவைக் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, அந்த மூன்று ஆசிரியர்களுக்கும் டைம்டேபிளில் வாரம் ஒரு பீரியட் விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள், பணம் கொடுப்பதைவிட இதற்குத்தான் தயங்குவார்கள், விடாதீர்கள். அடுத்த செமஸ்டர் தொடங்குவதற்கு முன்னால் எந்த லேபில் எந்தப் பரிசோதனையை மாற்றப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, நீங்கள் தயாரிக்கும் கேள்வியை இங்கேயே போடுங்கள். என்ன மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.